கடனும் ஜனாஸாவும்: நான் பாதி சொன்ன ஹதீஸ்

 

இரண்டு வருடங்களுக்கு முன்னால் இதே மிம்பரில் நின்று கடனைப் பற்றிப் பேசினேன். உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம். மூன்று ஜனாஸாக்கள் கொண்டுவரப்பட்ட ஹதீஸை அன்று சொன்னேன். ஸலமா பின் அக்வஃ (ரலி) அறிவித்து புகாரியில் பதிவானது. ஒவ்வொரு ஜனாஸாவிலும் நபி (ஸல்) அவர்கள் இவருக்குக் கடன் உண்டா என்று விசாரிக்கிறார்கள். மூன்றாவது மய்யித்துக்கு மூன்று தீனார் கடன் இருந்தது, அடைக்க எதுவும் விட்டுச் செல்லவில்லை. உங்கள் தோழருக்கு நீங்களே தொழுதுகொள்ளுங்கள் என்று நபியவர்கள் சொல்லிவிடுகிறார்கள். ஷஹீதுக்குக்கூட கடனைத் தவிர மற்றவை மன்னிக்கப்படும் என்ற முஸ்லிமின் ஹதீஸையும் சேர்த்துச் சொன்னேன். குரலை உயர்த்தித்தான் சொன்னேன். தொழுகை முடிந்து பல பேர் முஸாஃபஹா செய்து, பயான் நன்றாக இருந்தது என்றார்கள்.

அன்று அஸருக்குப் பிறகு நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு பெண், தன் தாயாரை அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். என் வீட்டார் உள்ளே உட்காரவைத்தார்கள். முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். இரண்டு பிள்ளைகள், கணவர் தலாக் சொல்லிவிட்டு வேறு ஊரில் வேறு குடும்பம் அமைத்துக்கொண்டார். மாடியில் பெண்கள் பகுதியில் உட்கார்ந்து என் பயானைக் கேட்டிருக்கிறார். கேட்ட கேள்வி இதுதான்: "ஹஜ்ரத், எனக்கு நிறையக் கடன் இருக்கு. நான் மவுத்தானா எனக்கு நீங்க ஜனாஸா தொழ வைக்க மாட்டீங்களா?"

எனக்கு வாயடைத்துப் போய்விட்டது. என் வீட்டார்தான் பேச்சை மாற்றி, சாப்பிட்டாயா என்று கேட்டார்கள். அப்போதுதான் தெரிந்தது: மூன்று மாதமாக அந்தப் பெண் இரவுச் சாப்பாட்டை நிறுத்தியிருக்கிறார். கடனாளி சாப்பிடலாமா என்ற எண்ணம் என் பயானுக்கு முன்பே அவர் மனதில் விழுந்திருந்தது. அதற்கு ஆதாரம் கொடுத்தவன் நான்.

இன்று அவருடைய அனுமதியோடு, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, இதைச் சொல்கிறேன். யார் அவர் என்று வெளியே போய் ஆராயாதீர்கள்.

அந்த ஹதீஸில் நான் சொல்லாமல் விட்ட பாதி எது? சபையிலிருந்து அபூ கதாதா (ரலி) எழுந்து, அந்தக் கடனுக்கு நான் பொறுப்பு என்கிறார். நபியவர்கள் தொழ வைக்கிறார்கள். பிறகு அல்லாஹ் வெற்றிகளைக் கொடுத்து பொருள் வந்தபோது, கடனோடு இறந்து, அதை அடைக்க வழியும் விட்டுச் செல்லாத முஃமினின் கடன் என் பொறுப்பு, அவர் விட்டுச் செல்லும் சொத்து அவருடைய வாரிசுகளுக்கு என்று நபியவர்களே அறிவித்துவிட்டார்கள். அதுவும் புகாரியில் இருக்கிறது. ஆக, கடனாளியை ஒதுக்குவதோடு சம்பவம் முடியவில்லை. அந்த மூன்று தீனாரை யார் சுமப்பது என்று சபையைப் பார்த்துக் கேட்டது போலத்தான் இருக்கிறது. இருபது வருடம் கிதாபு ஓதியும் ஓதிக் கொடுத்தும், அன்று எனக்கு முதல் பாதிதான் வாயில் வந்தது.

இன்னொன்றும் சொல்லியிருக்க வேண்டும். நபி (ஸல்) அவர்கள் வஃபாத் ஆனபோது அவர்களுடைய போர்க்கவசம் முப்பது ஸாவு வாற்கோதுமைக்காக ஒரு யூதரிடம் அடகில் இருந்தது. வீட்டாரின் உணவுக்காக வாங்கிய கடன். பிள்ளையின் சோற்றுக்காகக் கடன் வாங்குவது இழிவென்றால் இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? ஆடம்பரத்துக்கு வாங்கிய கடனையும் அரிசிக்கு வாங்கிய கடனையும் ஒரே குச்சியால் அடித்தது என் தவறு.

ஆனாலும் சகோதரர்களே, கடன் லேசான விஷயம் என்று நான் சொல்ல வரவில்லை. நபியவர்கள் தொழுகையில் பாவத்திலிருந்தும் கடனிலிருந்தும் சேர்த்தே பாதுகாப்புத் தேடுவார்கள். ஏன் இவ்வளவு அதிகமாகக் கடனிலிருந்து பாதுகாப்புத் தேடுகிறீர்கள் என்று கேட்கப்பட்டபோது, கடன்பட்டவன் பேசினால் பொய் சொல்கிறான், வாக்குக் கொடுத்தால் மீறுகிறான் என்று காரணம் சொன்னதாக ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். பணம் இல்லாமல் போவதைவிட, கடன் நாக்கைக் கெடுக்கிறது என்பதுதான் அங்கே சொல்லப்பட்ட காரணம். கதவைத் தட்டுகிறவனிடம் "அம்மா வீட்ல இல்லைனு சொல்லு" என்று பிள்ளையை அனுப்புகிறோமே, அங்கே அந்தப் பிள்ளையின் நாக்கும் சேர்ந்து கெடுகிறது. அந்தப் பெண்ணை மிகவும் அழவைத்ததும் அதுதான். பதினொரு வயது மகன் அந்தப் பொய்யைத் தடுமாறாமல் சொல்லப் பழகிவிட்டான்.

மொத்தக் கடன் எவ்வளவு என்று கேட்டேன். தெரியாது என்றார். இரண்டு லட்சமோ மூன்றோ இருக்கும் என்றார். இதில் ஆச்சரியம் இல்லை. ஸுபைர் (ரலி) அவர்கள் ஜமல் போரில் கொல்லப்பட்ட பிறகு, மகன் அப்துல்லாஹ் பின் ஸுபைர் (ரலி) தந்தையின் கடனைக் கணக்கிட்ட வரலாறு புகாரியில் நீளமாக வருகிறது. மொத்தம் 22 லட்சம். ஹகீம் பின் ஹிஸாம் (ரலி) வந்து, உன் தந்தைக்கு எவ்வளவு கடன் என்று கேட்கிறார். அவ்வளவு பெரிய மனிதர், முழுத்தொகையைச் சொல்ல மனம் வராமல், ஒரு லட்சம் என்கிறார். அதற்கே உங்கள் சொத்து போதாதே என்கிறார் ஹகீம். அப்படியானால் 22 லட்சம் என்றால் என்ன சொல்வீர்கள் என்று அப்போதுதான் உண்மை வெளியே வருகிறது. முடியாமல் போனால் என்னிடம் உதவி கேள் என்கிறார் ஹகீம். தொகையை மறைத்தவரை அதட்டவில்லை, பாருங்கள்.

நாங்களும் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, என் வீட்டாரும் அந்தப் பெண்ணும் உட்கார்ந்து எழுதினார்கள். அல்பகரா சூராவின் 282ஆவது ஆயத்து, குர்ஆனிலேயே நீளமான ஆயத்து, கடனை எழுதிக்கொள்வதைப் பற்றியது. நாம் அதை யாஸீன் போல ஓதுவதில்லை, கடை நோட்டிலும் பின்பற்றுவதில்லை. எழுதியதும் வந்தது இது: மகளிர் குழுக் கடனில் பாக்கி 31,000. அடகுக் கடையில் தாயாரின் வளையல் மேல் 45,000. கந்து வட்டிக்காரரிடம் 15,000. பக்கத்து வீட்டு அக்காவிடம் கைமாற்று 20,000. மளிகைக் கடையில் 6,400. கூட்டினால் 1,17,400.

அந்தப் பெண் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவ்வளவுதானா?" என்றார். இவ்வளவுதானா! மாதம் பன்னிரண்டாயிரம் வருமானத்தில் ஒன்றேகால் லட்சத்துக்குப் பக்கம் கடன் என்பது சின்னதல்ல. ஆனாலும் இருட்டில் இருந்தது வெளிச்சத்துக்கு வந்ததும் அதற்கு ஒரு அளவு வந்துவிட்டது.

பிறகு வரவு. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை; சனிக்கிழமை தோறும் சம்பளம்; சராசரியாக மாதம் 9,500. வீட்டில் தையல் 1,500. அரசின் மகளிர் உரிமைத் தொகை 1,000. செலவு: வாடகை 3,500, மளிகையும் கேஸும் 4,500, பள்ளி வேனும் நோட்டுப் புத்தகமும் 900, கரண்ட் 200, போன் 200, தாயாரின் சர்க்கரை மாத்திரை 400. மொத்தம் 9,700. மீதி 2,300. ஆனால் குழுக் கடனின் வாரத் தவணைகள் மாதத்துக்கு 2,600. கந்து வட்டி நூற்றுக்குப் பத்து, மாதம் 1,500. அதாவது ஒவ்வொரு மாதமும் 1,800 ரூபாய் பற்றாக்குறை. அந்த 1,800தான் மளிகைக் கடை நோட்டிலும் பக்கத்து வீட்டு அக்காவிடமும் போய் ஏறிக்கொண்டிருந்தது. அடகு வட்டி அது பாட்டுக்குத் தனியாக வளர்ந்துகொண்டிருந்தது.

இந்தக் கணக்கில் வீண் விரயம் எங்கே? நான் தேடினேன். வீண் விரயம் செய்பவர்கள் ஷைத்தானின் சகோதரர்கள் என்ற கருத்துள்ள ஆயத்தை நாம் ஏழையைப் பார்த்துத்தான் அதிகம் ஓதுகிறோம். போன மாதம் மட்டும் நம் மஹல்லாவில் நடந்த வலிமாக்களில் குப்பையில் போன பிரியாணியைப் பார்த்து யாரும் ஓதியதாகத் தெரியவில்லை. நானும் ஓதவில்லை.

கணக்கில் ஒரு வரியே காணோம் என்று கடைசியில்தான் கண்ணில் பட்டது. பிள்ளைகளின் அத்தா தரவேண்டிய பணம். பிள்ளைகளின் உணவும் உடையும் தந்தையின் மீது கடமை என்பது அல்பகராவின் 233ஆவது ஆயத்திலிருந்து நம் ஃபுகஹாக்கள் எடுத்த சட்டம். தலாக்கோடு நிகாஹ் முடியும், தகப்பன் என்ற உறவு முடியாது. அவர் மூன்று வருடமாக ஒரு ரூபாய் தரவில்லை. அப்படியானால் அந்தப் பெண் தன் பெயரில் வாங்கிய கடனில் எவ்வளவு உண்மையில் அவருடையது? நோட்டில் தாயின் பெயர், நஃபகா பாக்கி தகப்பனின் பெயரில். வசதி இருந்தும் கடனை இழுத்தடிப்பது அநியாயம் என்று நபியவர்கள் சொன்னது அவருக்கும் பொருந்தும். அவர் வேறு ஊரில் முதல் ஸஃப்பில் தொழுதுகொண்டுதான் இருந்தார். நம் ஜமாஅத் அந்த ஊர் ஜமாஅத்துக்குக் கடிதம் எழுதி, இரண்டு முறை நேரில் போய், மாதம் 2,000 தருவதாக ஒப்புக்கொள்ள வைத்தது. ஐந்து மாதம் தந்தார், மூன்று மாதம் நிறுத்தினார், மறுபடி போய்ப் பேசிய பிறகு தருகிறார், நடுவில் விட்டுவிட்டும் தருகிறார்.

கந்து வட்டிக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். அதிக வட்டி வசூலிப்பதைத் தடை செய்து தமிழ்நாட்டில் 2003லேயே சட்டம் இருக்கிறது. 15,000 கொடுத்துவிட்டு 11 மாத வட்டியாக 16,500 அவர் வாங்கியாகிவிட்டது. முதல் அப்படியே நிற்கிறது. பெரியவர்கள் இரண்டு பேர் போய்ப் பேசி 8,000க்கு முடித்தார்கள். அதைக்கூடக் கொடுத்திருக்கக் கூடாது என்று முத்தவல்லிக்கு இன்றுவரை வருத்தம். அந்த 8,000 பைத்துல்மாலின் ஜகாத்திலிருந்து. தவ்பா சூராவின் 60ஆவது ஆயத்தில் ஜகாத் பெறும் எட்டு வகையினரில் கடன்பட்டவர்களும் ஒரு வகையினர். நம் மத்ஹபில் ஜகாத்தை வாங்குபவருக்கு உரிமையாக்க வேண்டும் என்பதால் அந்தப் பெண்ணின் கையிலேயே கொடுத்தோம். அவரே கொண்டுபோய்க் கட்டினார். அதனால் ஒரு நன்மையும் விளைந்தது: வட்டிக்காரர் முகத்தைப் பார்த்து, "இனி வராதீங்க பாய்" என்று அவரே சொன்னார்.

குழுக் கடன் பற்றியும் சொல்லியாக வேண்டும்; நம் பெண்களில் பலர் இதில் இருக்கிறார்கள். ரிசர்வ் வங்கி 2022ல் கொண்டுவந்த விதிகளின்படி, காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்காக போன் செய்யக் கூடாது. மிரட்டவோ கேவலமாகப் பேசவோ கூடாது. முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. இதைத் தெரிந்துகொள்ளுங்கள். குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்றும் அதே விதி சொல்கிறது. அதன்படி அந்தப் பெண் 6,000 வரை தவணை கட்டலாம். எங்கள் நோட்டின்படி 2,300க்கு மேல் வழியில்லை. விதி எழுதியவர்கள் வாடகையையும் அரிசியையும் எந்த வீட்டில் பார்த்தார்களோ!

பாதி அடைத்ததும், மேலே இன்னொரு கடன் தருகிறோம் என்று குழுவில் சொன்னார்கள். வாங்கலாமா என்று கேட்டார். கூடாது என்றேன். வட்டி ஹராம் என்பதில் எனக்குத் தயக்கமில்லை. ஆனால் சொல்லிவிட்டு அன்றிரவு தூக்கம் வரவில்லை. வட்டிக்குப் போகாதே என்று சொல்லும் நாம், வட்டியில்லாமல் பத்தாயிரம் எங்கே கிடைக்கும் என்று ஒரு விலாசத்தைச் சொல்ல வேண்டாமா? நம் பள்ளியின் கர்ளுல் ஹஸன் நிதி அந்த வருடம் ரமளானில்தான் ஆரம்பித்தது. இப்போதும் சின்னதாகத்தான் இருக்கிறது. மினாராவுக்கு வசூலித்த வேகம் இதில் இல்லை.

வரவு செலவில் அந்தப் பெண் கற்றுக்கொண்ட ஒரு வழியை எல்லோருக்கும் சொல்கிறேன். பனியன் கம்பெனியில் ஆர்டர் இருந்தால் ஷிஃப்ட், இல்லாவிட்டால் வீடு. நல்ல வாரத்தை வைத்துத் திட்டம் போட்டால் மோசமான வாரத்தில் கடன் வாங்க வேண்டியிருக்கும். அதனால் குறைந்த வாரத்தின் சம்பளத்தையே தன் வருமானம் என்று வைத்துக்கொண்டார். அதற்கு மேல் வருவதை சனிக்கிழமையே ஒரு டப்பாவில் போட்டு, தாயாரிடம் கொடுத்துவிடுவார். யூசுஃப் (அலை) அவர்கள் அரசருடைய கனவுக்கு விளக்கம் சொன்னபோது செய்ததும் இதுதானே? செழிப்பான ஏழு வருடத்தின் தானியத்தைக் கதிரோடு விட்டுவைத்து, பஞ்சமான ஏழு வருடத்துக்கு வழி செய்தார்கள். தவக்குல் உள்ளவனுக்குத் திட்டம் எதற்கு என்று கேட்பவர்கள், நபியவர்கள் தம் வீட்டாருக்கு ஒரு வருட உணவை எடுத்துவைத்ததை மறந்துவிடுகிறார்கள்.

எந்தக் கடனை முதலில் அடைப்பது என்றும் ஒரு விவாதம் வந்தது. கந்து வட்டி போன பிறகு அடகுக் கடனைக் குறைக்க வேண்டும், வட்டி குறையும் என்றேன். அந்தப் பெண் ஒப்புக்கொள்ளவில்லை. மளிகைக் கடை 6,400ஐ முதலில் முடிக்க வேண்டும் என்றார். "தினம் அந்தக் கடையைத் தாண்டித்தான் ஹஜ்ரத் பிள்ளைகளைக் கூட்டிட்டுப் போறேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டே போறேன்." கணக்குப்படி நான் சொன்னது சரி. ஆனால் ஒன்பதாவது மாதம் கடைக்கார பாய் தன் நோட்டில் அந்தப் பெயரின் மேல் குறுக்கே கோடு போட்ட அன்று, அவர் அனுப்பிய மிக்சர் பொட்டலம் என் வீட்டுக்கு வந்தது. தலை நிமிர்ந்து நடப்பதற்கு என்ன விலை என்று எனக்குக் கணக்குப் போடத் தெரியவில்லை.

சோர்வு வராமலில்லை. அதற்கு முந்தைய மாதம் மகனுக்கு டெங்கு. டப்பா காலி, தவணை இரண்டு வாரம் நின்றது. நோட்டை அடுப்பில் போடப் போனதாகப் பிறகு சொன்னார். அப்போது என் வீட்டார் பரீரா (ரலி) அவர்களின் கதையைச் சொன்னார்கள். அடிமையாக இருந்த பெண். தன் விடுதலைக்கு ஒன்பது ஊகியா தருவதாக, வருடத்துக்கு ஒரு ஊகியா வீதம் எஜமானர்களோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, உதவி கேட்டு ஆயிஷா (ரலி) அவர்களிடம் வந்தார். ஒன்பது வருடத் தவணை! ஆயிஷா நாயகி அவர்கள் மொத்தத்தையும் ஒரே தடவையில் தந்துவிட முன்வந்தார்கள். கேட்க வெட்கப்படாமல் வந்ததால் பரீராவின் ஒன்பது வருடம் சுருங்கியது. ஸுபைர் (ரலி) அவர்களும் மகனிடம், கடனை அடைப்பதில் முடியாமல் போனால் என் எஜமானனிடம் உதவி கேள் என்று சொல்லியிருந்தார்கள். யார் அந்த எஜமானன் என்று மகன் கேட்க, அல்லாஹ் என்றார்கள். அதன்பின் நெருக்கடி வரும்போதெல்லாம், ஸுபைரின் எஜமானனே, அவருடைய கடனை அடைத்துவிடு என்று அப்துல்லாஹ் துஆ கேட்பாராம். துஆவும் கேட்டார், நிலத்தையும் விற்றார், ஹகீமிடம் தொகையையும் சொன்னார்.

மகன் விஷயத்தில் எனக்கும் அந்தப் பெண்ணுக்கும் கருத்து வேறுபாடு. பிள்ளைக்குக் கடன் கணக்கைக் காட்டாதே, பாரம் தாங்காது என்றேன். "வாசல்ல நின்னு கத்துறதை எல்லாம் அவன் கேட்டுட்டானே ஹஜ்ரத். நம்பரைத்தான் கேட்கலை" என்றார். இப்போது ஒவ்வொரு தவணைக்கும் நோட்டில் டிக் போடுவது அவன்தான். கதவைத் தட்டினால், "அம்மா இருக்காங்க, பத்தாம் தேதி தர்றாங்க" என்கிறான். நான் சொன்னது தவறு என்று ஒப்புக்கொள்கிறேன்.

பெருநாளைக்கு ஒரு மஸ்அலா கேட்டார். கடன் இருக்கும்போது பிள்ளைகளுக்குப் புதுத் துணி எடுக்கலாமா? பிள்ளைகளின் சோறு, மருந்து, பள்ளி இவை கடனுக்கு முந்தியவை. கடன் கொடுத்தவர் வழக்குத் தொடுத்தாலும் குடும்பத்தின் அவசியச் செலவை விட்டுவைக்கச் சொல்வதுதான் நம் ஃபிக்ஹு. புதுத் துணி அப்படியல்ல. நான் தயங்கிவிட்டு, யாருக்குக் கொடுக்க வேண்டுமோ அவரிடமே கேள் என்றேன். பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டார். அவர் அந்த மாத ஆயிரத்தை வேண்டாம் என்று சொன்னதோடு, மகளுக்குத் தானே ஒரு பாவாடை சட்டை எடுத்துக் கொடுத்தார். அவரும் வசதியானவர் இல்லை. நெருக்கடியில் இருப்பவருக்கு அவகாசம் கொடுக்கச் சொல்லும் 280ஆவது ஆயத்தை அவர் ஓதியிருப்பாரோ என்னவோ.

கடன் கொடுத்திருக்கும் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. பள்ளிவாசலில் வைத்து கஅப் பின் மாலிக் (ரலி) தனக்கு வரவேண்டிய கடனைக் கேட்டுக் குரலை உயர்த்தினார். நபியவர்கள் வீட்டுத் திரையை விலக்கி, பாதியைக் குறைத்துவிடு என்று சைகை காட்டினார்கள். குறைத்துவிட்டேன் என்றார் கஅப். உடனே கடன்பட்டவரைப் பார்த்து, எழுந்து போய் மீதியைக் கொடு என்றார்கள். ஒரு நிமிடத்தில் இரண்டு பேருக்கும் வேலை கொடுத்துவிட்டார்கள்.

இந்த மாத நிலவரம்: குழுக் கடன் முடிந்துவிட்டது. பக்கத்து வீட்டு அக்காவுக்கு 4,000 பாக்கி. வளையல் இன்னும் அடகில்தான். 21,000 கட்ட வேண்டும். நாற்பது பக்க நோட்டு தீர்ந்து இரண்டாவது நோட்டு ஓடுகிறது. இரவு சாப்பிடுகிறாரா என்று என் வீட்டார் வாரம் ஒரு முறை விசாரித்துக்கொள்கிறார்கள்.

பைத்துல்மால் அறை திங்களும் வியாழனும் அஸருக்குப் பின் திறந்திருக்கும். பெண்கள் என் வீட்டுக்கு வந்து என் வீட்டாரிடம் சொல்லலாம். பெயர் வெளியே போகாது. நோட்டு கொண்டுவர வேண்டியதில்லை, அங்கே இருக்கிறது.